பட்டப்பகலில் இருண்டு கிடக்கும் சரிவுப் பாதை குறித்து

அனுப்புநர்:
கேக்கம்மா வீட்டுக்காரர்
(திரையரங்க மேலாளர், பணி ஓய்வு),
கேக் கடை மாடி,
தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகர மண்டபத்தின் கீழுள்ள வாகன நிறுத்துமிடம் – போதிய வெளிச்சமின்மை – அதனால் நேர்ந்த விபத்து – விபத்து அறிக்கையைத் திருத்தவும், மின்சாரம் வீணாகாத வகையில் விளக்குகளை மாற்றி அமைக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நான் நேரில் கொடுத்த முந்தைய மனு.
2. அம்மனுவின் பேரில் ஒட்டப்பட்ட அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அனுப்புநர் என்னும் இடத்தில் என் சொந்தப் பெயரைப் போடாதது விளையாட்டுக்காக இல்லை. இந்த வட்டாரத்தில் தபால்காரர் முதல் எல்லோரும் என்னைக் கேக்கம்மா வீட்டுக்காரர் என்றே அறிவார்கள். என் பெயருக்கு வந்த கடிதங்கள் ஆள் தெரியாமல் திரும்பிப் போனதுண்டு. மனைவியைச் சொல்லி வந்த கடிதம் ஒன்றும் தவறியதில்லை. தங்கள் பதில் என் கைக்கு வந்து சேர வேண்டும் என்ற ஒரே காரணத்தால்தான் இந்த முகவரி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1. என் மனைவி கேக் செய்து விற்பவர். கீழே கடை, மேலே வீடு. பிறந்தநாள், மணநாள், பணி ஓய்வு விழா என்று நகர மண்டபத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு எங்கள் கடையிலிருந்துதான் கேக் போகும். மண்டபத்துக்குக் கேக் கொண்டுபோக ஒரே வழி, அதன் கீழே இருக்கும் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்து மின்தூக்கியில் ஏறுவதுதான். ஆகவே அந்த இடம் எங்களுக்கு வீட்டு முற்றம்போலப் பழக்கமானது. ஏதோ ஒரு நாள் வந்து முகம் சுளித்துவிட்டுப் போனவன் எழுதும் புகார் என்று இதைக் கருத வேண்டாம்.

2. மின்சாரச் சிக்கனத்துக்கு நான் எதிரியில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குத் தொண்டையில் முள் சிக்கியதுபோல் இருக்கும். "இந்த மனுஷன் இருக்கிற வீட்டுல நிம்மதியா குளிக்க முடியாது. ஆள் உள்ளே இருக்கிறப்பவே லைட்டை அணைச்சிடுவாரு" என்று என் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குவது வழக்கம். அப்படிப்பட்ட நானே விளக்குப் போடச் சொல்லி மனு எழுதுகிறேன் என்றால், அங்குள்ள நிலைமையைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

3. நிலைமை இதுதான். சென்ற ஆண்டு சிக்கனத்தின் பேரில் அங்கிருந்த குழல் விளக்குகளில் பாதியைக் கழற்றினார்கள். மீதி விளக்குகளுக்கு, ஆள் அசைவு தெரிந்தால் தானாக எரிந்து, அசைவு நின்றால் தானாக அணையும் கருவியைப் பொருத்தினார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் கருவிகளைக் கூரை உத்தரங்களுக்குப் பின்னால் பொருத்தியதால், வண்டி பாதித் தூரம் உள்ளே வந்த பிறகே அவை விழித்துக்கொள்கின்றன. வண்டிகளுக்கு நடுவே நடக்கும் மனிதர்கள் அவற்றின் கண்ணில் படுவதே இல்லை. சாவியைத் தேடிக்கொண்டு ஒருவர் கொஞ்சம் அசையாமல் நின்றால் போதும், மொத்த இடமும் இருண்டுவிடும்.

4. இதனால் அங்கு நாள்தோறும் நடப்பவை பார்ப்பவருக்குச் சிரிப்பாகவும் படுபவருக்கு வேதனையாகவும் இருக்கின்றன. காய்கறிப் பைகளைக் கீழே வைத்துவிட்டு, விளக்கை எழுப்புவதற்காக நடுவயதுக்காரர்கள் இருட்டில் நின்று, ரயிலேறிப் போகும் சொந்தக்காரரை வழியனுப்புவதுபோல் இரண்டு கைகளையும் ஆட்டுகிறார்கள். மேலே நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து கூட்டமாகத்தான் கீழே இறங்குகிறார்கள். பள்ளி ஆசிரியை ஒருவர் தம் வண்டியை அடையும் வரை உரக்கப் பாடிக்கொண்டே போவார். பாட்டு நன்றாகவே இருக்கும். ஆனால் அவர் பாடுவது சந்தோஷத்தால் அல்ல என்பதை அவரே என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். "யாராவது பின்னாடி வந்தா, நான் பயப்படலைன்னு நினைச்சுக்கட்டும்னுதான் பாடறேங்க" என்றாராம்.

5. இவற்றுக்கு நடுவே, சரிவுப் பாதை முடியும் இடத்தில் ஒரு பெரிய விளக்கு மட்டும் இரவு பகல் பாராமல், இறங்கி வருகிறவர் கண்ணுக்கு நேராக எரிந்துகொண்டிருக்கிறது. எரிய வேண்டிய இடத்தில் எரியாமல், எரிய வேண்டாத இடத்தில் எரிவதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

6. வெளிச்சம் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று தாங்கள் கேட்கலாம். நான் மேலாளர் ஆவதற்கு முன், திரையரங்கில் டார்ச் விளக்கு பிடித்து இருக்கை காட்டும் வேலையில்தான் சேர்ந்தேன். பகல் காட்சிக்கு வெயிலிலிருந்து உள்ளே நுழைகிறவர் எவ்வளவு நல்ல கண் உள்ளவராக இருந்தாலும் வாசலிலேயே திகைத்து நின்றுவிடுவார். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அப்படி ஒரு பகல் காட்சியில் கல்லூரித் தோழிகளோடு வந்து வாசலில் திகைத்து நின்ற ஒரு பெண், "ஏங்க, டார்ச்சை என் மூஞ்சில அடிக்கிறீங்களே, சீட்டு என் மூஞ்சிலயா இருக்கு? தரையில அடிங்க" என்றார். அவரைத்தான் பிற்பாடு நான் மணந்துகொண்டேன். வெளிச்சம் கண்ணில் விழாமல் காலடியில் விழ வேண்டும் என்ற பாடத்தையும் அன்றுதான் கற்றேன். திரையரங்கில் திகைத்து நிற்பவர் சற்று நின்று சமாளித்துக்கொள்ளலாம். சரிவில் இறங்கும் வண்டி, பின்னால் வரிசையாக வண்டிகள் வரும்போது, அப்படி நின்றுகொண்டிருக்க முடியாது.

7. எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுபவர் என் மனைவிதான். எனக்கு விழித்திரையில் கோளாறு வந்து, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொன்ன அன்று நான் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி அடுப்பிலிருந்து கேக்கை எடுத்து வைத்துவிட்டு வந்து, "சரி, நான் கத்துக்கறேன். என்ன இப்போ?" என்றார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அதுவரை மிதிவண்டிகூட ஓட்டியதில்லை. பயிற்சிப் பள்ளியில் கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் தேர்வில் தோற்று, வீட்டுக்கு வந்து ஒரு கேக் முழுவதையும் எங்கள் இருவருக்குமாக வெட்டி வைத்தார். அடுத்த தேர்வில் தேறி, மறுபடியும் ஒரு கேக் வெட்டினார். மேட்டில் ஏறும்போது வண்டியோடு பேசுவார். "ஏறு கண்ணு, ஏறிடு, அவ்வளவுதான்" என்று அவர் கொஞ்சிய கொஞ்சலை நான் எங்கள் திருமண வாழ்வில் அதிகம் கேட்டதில்லை. இதைப் புகாராகச் சேர்க்கவில்லை, தகவலுக்காகத் தெரிவிக்கிறேன்.

8. விபத்து நடந்த நாள் பள்ளித் தலைமையாசிரியை ஒருவரின் பணி ஓய்வு விழா. மூன்று அடுக்குக் கேக். நான் பின் இருக்கையில் அதன் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தேன். கண் கூசும் நடுப்பகல் வெயில். சரிவில் திரும்பியதும் எங்கள் முன்னால் கறுப்புத் திரை விழுந்தது போலாயிற்று. என் மனைவி முன்விளக்கைப் போட்டு, வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்தார். கூரை விளக்குகள் எரியவில்லை. கீழே நெருங்கியபோது நான் முன்பு சொன்ன பெரிய விளக்கு நேராக முகத்தில் அடித்தது. அந்த நேரத்தில் விசில் சத்தம் கேட்டது.

9. விசில் என்பது அங்கு வண்டிகளுக்கு இடம் காட்டும் பணியாளரின் பெயராகவே ஆகிவிட்டது. கல்யாணமாகி, கைக்குழந்தையோடு இருக்கும் தம்பி. வண்டியை எப்படித் திருப்ப வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லாவற்றையும் விசிலிலேயே சொல்லிவிடுவார். என் மனைவி புதிதாக ஓட்டிப் பழகியபோது, தூண்களுக்கு நடுவே வண்டியைப் பின்னோக்கி நிறுத்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அன்று எங்கள் வண்டியைத் தெரிந்துகொண்டு, இடம் காட்டுவதற்காக எதிரே நடந்து வந்திருக்கிறார். நிறுவனம் கொடுத்த சீருடையோ கருநீலம். விசில் எதிரொலித்து நாலா பக்கமிருந்தும் வந்ததால் ஆள் எங்கே என்று தெரியவில்லை. நிழலாக ஏதோ அசைவதைக் கண்டு என் மனைவி சட்டென்று வண்டியை ஒடித்துத் திருப்பினார். வண்டி தூணில் உரசிக்கொண்டு நின்றது. பக்கவாட்டுக் கண்ணாடி பட்டு விசில் தம்பி கீழே விழுந்தார்.

10. என் மனைவி கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அவர் ஓடிய ஓட்டத்தில்தான் கருவிகள் விழித்துக்கொண்டு எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. எது எரிந்திருந்தால் விபத்தே நடந்திருக்காதோ அது, விபத்து நடந்து முடிந்த பிறகு பளிச்சென்று எரிந்தது. தம்பி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். நான் வண்டியிலிருந்து இறங்கியபோது என் சட்டை முழுவதும் சிவப்பாக இருப்பதைப் பார்த்து என் மனைவி வீறிட்டார். அது ஸ்ட்ராபெரிக் கூழ் என்று நான் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. காலை நீட்டிக்கொண்டு கிடந்த தம்பிக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, அழாதீங்க. சாருக்கு ஒண்ணுமில்ல, கேக்குதான் போயிடுச்சு. எனக்கும் ஒரு கால்தானே, இன்னொண்ணு இருக்குல்ல" என்றார்.

11. தம்பிக்குக் கணுக்கால் எலும்பில் கீறல் விட்டிருந்தது. வாகன நிறுத்துமிடத்தை நடத்தும் ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அன்றே தங்கள் அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். 'வயது முதிர்ந்த பெண் ஓட்டுநரின் கவனக்குறைவு. பணியாளர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றது' என்று விபத்துக்கான காரணங்கள் அதில் கூறப்பட்டுள்ளன. வெளிச்சம் பற்றி ஒரு சொல் இல்லை. தம்பியை, விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணை இன்னும் தொடங்கவே இல்லை.

12. அந்த அறிக்கை எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுவே இம்மனுவின் உயிர். என் மனைவி வண்டி ஓட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டார். "எனக்குக் கண்ணு மங்கிடுச்சுங்க. நமக்குத் தெரியாம வயசு வந்து உக்காந்திருக்கு. ஒரு பிள்ளையோட காலை ஒடிச்சப்புறம் இனிமே எனக்கு எதுக்கு வண்டி?" என்றார். நான் மறுத்துப் பேசினால் கேக் மாவைக் கலக்கும் இயந்திரத்தை ஓடவிட்டுவிடுவார், என் குரல் கேட்காதபடிக்கு. வாடிக்கையாளர்களையே கடைக்கு வந்து கேக்கை வாங்கிப் போகச் சொன்னார். வர முடியாதவர்களுக்கு அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் நான் குடை பிடித்துக்கொண்டு நடப்பேன். கேக்குக்கு, எங்களுக்கு அல்ல. வழியில் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னாலும் ஏற மாட்டார். வண்டியோடு கொஞ்சிப் பேசிய மனுஷி, தெருவில் அது நிற்கும் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கமாக நடந்து போனதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இல்லை, ஐயா.

13. ஒரு காரியத்தை மட்டும் அவர் விடவில்லை. நாள் தவறாமல் விசில் தம்பி வீட்டுக்குப் போய்வந்தார். தம்பியின் மனைவி முதலில் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். இவர் போய் ஒன்றும் பேசாமல் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு, பாத்திரத்தைத் துலக்கி வைத்துவிட்டு வருவார். ஒருநாள் அந்தப் பெண்ணே, "அக்கா, நீங்க வரலைன்னா குழந்தை வாசலையே பாத்துக்கிட்டிருக்கு" என்று சொன்னாளாம். அன்று இரவு என் மனைவி பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். தம்பியோ போகும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான். "அக்கா மேல தப்பே இல்ல சார். அங்க என் கையே எனக்குத் தெரியாது. அதனாலதானே நான் விசில் அடிச்சே பொழப்பை ஓட்டினேன்" என்பார். அதை என் மனைவி ஆறுதலுக்காகச் சொல்லும் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார்.

14. இந்நிலையில்தான் பார்வை ஒன்றில் கண்ட மனுவை நேரில் கொண்டுவந்து கொடுத்தேன். தங்கள் அலுவலகத்தார் அன்பாகவே நடந்துகொண்டார்கள்; உட்காரச் சொன்னார்கள். நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. 'இருள் மிகுந்த பகுதி, கவனமாகச் செல்லவும்' என்று ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அது ஒட்டப்பட்டிருப்பது அந்த இருள் மிகுந்த பகுதிக்குள்ளேயே என்பதால், கைப்பேசி வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டித்தான் படிக்க முடிந்தது. எழுத்தில் பிழை இல்லை என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

15. தம்பியின் கால்கட்டை அவிழ்க்கும் நாளில் நாங்கள் எல்லோரும் வாடகை வண்டியில் பெரிய மருத்துவமனைக்குப் போனோம்; தம்பிக்காக என் மனைவியும் ஏறிக்கொண்டார். ஓட்டுநர் எங்களை அங்குள்ள நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தில் இறக்கிவிட்டார். நான் தம்பிக்கு ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், என் மனைவி அண்ணாந்து பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறார். "ஏங்க, இங்க மட்டும் எப்படி எல்லாம் இவ்வளவு நல்லாத் தெரியுது?" என்றார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என் பழுதுபட்ட கண்ணுக்கே வண்டி எண்கள் தெரிந்தன.

16. எங்களை வழி தெரியாதவர்கள் என்று நினைத்து விசாரிக்க வந்த பெண் அந்த மருத்துவமனையின் பராமரிப்புப் பொறியாளராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவர் அலுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் காட்டினார். அங்கே விளக்குகள் முழுவதுமாக அணைவதே இல்லை. ஆள் இல்லாதபோது மங்கலாக எரிகின்றன. ஆளோ வண்டியோ வருவதற்கு முன்பே, வரும் திசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரகாசமாகின்றன. "அணைஞ்சு தூங்காதுங்க. கோழித் தூக்கம்தான்" என்றார் அந்தப் பெண். சுவரும் கூரையும் தூணும் வெள்ளை அடித்திருந்ததால் குறைந்த விளக்கே நிறைய வெளிச்சம் தந்தது. எல்லாம் எல்.இ.டி. வகை. எந்த விளக்கும் கண்ணில் அடிக்கவில்லை. சரிவு தொடங்கும் இடத்தில், வெயில் ஏற ஏற அதிக வெளிச்சமும், இரவில் குறைந்த வெளிச்சமும் வருமாறு வைத்திருக்கிறார்கள். பகலில் எதற்கு அதிகம் என்று கேட்டேன். வெயிலிலிருந்து வருகிறவரின் கண்ணுக்குத்தானே அது தேவை என்றார். என் திரையரங்க வாசல் நினைவுக்கு வந்தது. பழைய குழல் விளக்குகளை விட இப்போது மின்சாரம் நன்றாகவே குறைந்திருக்கிறது என்றும், தங்கள் பொறியாளர்கள் வந்தால் அளவுகளைக் காட்டத் தயார் என்றும் சொன்னார்.

17. மறுவாரம் தம்பியை மீண்டும் மருத்துவமனைக்குக் காட்ட வேண்டியிருந்தது. வாடகை வண்டியை அழைக்கப் போன என்னை என் மனைவி தடுத்தார். "அந்த ஆஸ்பத்திரிக்குத்தானே. நம்ம வண்டியையே எடுங்க. ஓட்டிப் பாக்கறேன்" என்றார். நான் உடனே சாவியை எடுத்து நீட்டினேன். தாமதித்தால் மனம் மாறிவிடுவாரோ என்ற பயம். தம்பி முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். காலை ஒடித்தவர் ஓட்டும் வண்டியில், ஒடிந்த காலோடு தயங்காமல் ஏறிய அந்த மனசுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை.

18. அன்றும் நல்ல வெயில். மருத்துவமனைச் சரிவில் திரும்பும்போது என் மனைவி மறக்காமல் முன்விளக்கைப் போட்டார். வண்டி இறங்கியது. வெளிச்சமும் கூடவே இறங்கியது. கறுப்புத் திரை விழவில்லை. ஓரமாகத் தள்ளுவண்டியோடு போன துப்புரவுப் பணியாளரைத் தூரத்திலேயே பார்த்து நிறுத்தி, வழிவிட்டார். இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இடம் காலியாக இருந்தது. தம்பி ஊன்றுகோலோடு இறங்கிப் பின்னால் போய் நின்றார். சட்டைப் பைக்குள்ளிருந்து விசிலை எடுத்தார். வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் அவர் அதை வைத்திருப்பது எங்களுக்குத் தெரியாது. அவர் ஊதினார், இவர் திருப்பினார், ஒரே முயற்சியில் வண்டி கோடு தாண்டாமல் நின்றது. ஆஸ்பத்திரியில் யார் விசில் அடிப்பது என்று காவலாளி ஓடி வந்ததும், அவரிடம் தம்பி மன்னிப்புக் கேட்டதும் தனிக்கதை.

19. என் மனைவி வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங் சக்கரத்தை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு, "அப்போ என் கண்ணுல கோளாறு இல்ல. அப்படித்தானேங்க?" என்று கேட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணும் அப்போது சரியாக இல்லை. இத்தனை நாள் இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு அவர் எப்படித்தான் கேக்குகளில் பூப் பூவாகப் போட்டுக்கொண்டிருந்தாரோ!

20. ஆகவே ஐயா, கீழ்க்காண்பவற்றைக் கனிவுடன் பரிசீலிக்கக் கோருகிறேன்:

(அ) விளக்குகள் முழுவதும் அணையாமல் மங்கலாக எரிந்து, அசைவு தெரிந்ததும் பிரகாசமாகும் முறைக்கு மாற்ற வேண்டும். கருவிகள் வண்டிப் பாதையை மட்டுமின்றி, மனிதர் நடக்கும் இடத்தையும் படிக்கட்டையும் மின்தூக்கி வாசலையும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

(ஆ) சரிவு தொடங்கும் இடத்தில் பகலுக்கென்று கூடுதல் வெளிச்சம் வேண்டும். கண்ணில் அடிக்கும் பெரிய விளக்கை எடுத்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்து அதற்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

(இ) புகையேறிக் கறுத்த கூரைக்கும் சுவருக்கும் வெள்ளையடிக்க வேண்டும். விளக்குகள் எல்லாவற்றையும் உடனே மாற்ற இயலாவிட்டால் இதிலிருந்தாவது தொடங்கலாம். பணியாளர்களுக்கு வெளிச்சம் பட்டால் மின்னும் மேலங்கியும் தர வேண்டும்.

(ஈ) விசில் தம்பி நின்ற இடம் அவர் வேலை செய்ய வேண்டிய இடம்தான். அவரை மீண்டும் பணியில் சேர்க்க உத்தரவிட வேண்டும். கால் முழுவதும் தேறும் வரை உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தால் மகிழ்வோம். அவருக்கு உட்காரப் பிடிக்காது. அதை அவர் மனைவி பார்த்துக்கொள்வாள்.

(உ) விபத்து அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் 'போதிய வெளிச்சமின்மை' என்று திருத்தி, அதன் நகலை என் மனைவியின் பெயருக்கு அனுப்ப வேண்டும். நான் சொல்கிறேன், தம்பி சொல்கிறார், மருத்துவமனைச் சரிவும் சொல்லிவிட்டது. ஆனாலும் அரசு முத்திரையோடு வருகிற ஒரு வரிக்கு இருக்கும் பலம் வேறு. 'வயது முதிர்ந்த' என்ற சொல்லை நீக்கினால் கூடுதல் நன்றி. அந்தச் சொல்தான் எல்லாவற்றையும் விட அவரைச் சுட்டது என்பது என் ஊகம்.

21. செலவாகுமே என்று தங்கள் கணக்குப் பிரிவு தயங்கலாம். தயக்கம் நியாயமானது; விளக்கை அணைத்து அணைத்தே பெயர் கெட்டவன் என்ற முறையில் அதில் நானும் பங்கெடுத்துக்கொள்கிறேன். மருத்துவமனையில் விளக்கும் எரிகிறது, மின்சாரமும் மிச்சமாகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு வரவில்லை. நமக்கும் வராது என்று நம்புகிறேன்.

22. இதுவரை எழுதியதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தாம் வண்டியைக் கொஞ்சியது பற்றியெல்லாம் ஆணையருக்கு எதற்கு என்று கோபித்துக்கொண்டார்; ஆனால் அதை அடித்துவிட்டு எழுதச் சொல்லவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து, இதையும் சேர்க்கச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஆய்வு செய்யணும்னு மட்டும் எழுதினா, அவரு காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வந்து, எல்லாம் நல்லாத்தான் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. உச்சி வெயில்ல வரச் சொல்லுங்க. நானே போய் அவரைக் கூட்டிட்டு வரேன். பக்கத்துல உக்கார வெச்சு, அந்தச் சரிவுல நானே இறக்கிக் காட்டறேன்."

விபத்துக்குப் பிறகு நகர மண்டபம் இருக்கும் தெருவுக்கே போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தவர் ஐயா, இதைச் சொன்னவர். நிசமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்டேன். எழுதுங்க என்றார்.

எனவே தங்களுக்கு வசதியான நாளைத் தெரிவித்தால் போதும். நடுப்பகலுக்குச் சற்று முன்பாக எங்கள் வண்டி தங்கள் அலுவலக வாசலில் நிற்கும். மிகவும் மெதுவாக ஓட்டுவார். தாங்கள் தைரியமாக ஏறலாம்.

நாள்: மார்ச் 9, திங்கட்கிழமை
இடம்: கேக் கடையின் பின்னறை

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
கேக்கம்மா வீட்டுக்காரர்

மேற்கண்ட விபத்தில் காயமடைந்தவன் என்ற முறையில், இதில் கண்டவை அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன்:
(ஒப்பம்)
விசில்

நகல்: வாகன நிறுத்துமிட ஒப்பந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அவர்கள் – தகவலுக்காக.